அந்தரா, சாயா, மாலா-என்: எந்தக் கேள்விக்கு எந்த நூலைத் திறப்பது?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசிக்குத் தேதி தவறி வருகிறவர்களை என்ன செய்வது? சின்னக் கேள்விதான். ஆனால் கருத்தடை மருந்துகளைப் பற்றிய தகவலை எங்கே தேடுவது, கிடைத்ததை எவ்வளவு நம்புவது என்ற பெரிய விஷயம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. பயிற்சி மருத்துவர்களும் செவிலியர்களும் ஃபார்மசிஸ்டுகளும் என்னிடம் மாற்றி மாற்றி இதைக் கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது வட மாவட்டம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில். தை பிறந்ததும் எங்கள் பகுதியில் பல குடும்பங்கள் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். மழைக்கு முன்னால்தான் ஊர் திரும்பும். சூளை மேஸ்திரி ஊசித் தேதி பார்த்து லீவு கொடுப்பதில்லை. அதனால் தேதி தாண்டி வருவது எங்களுக்கு அன்றாடம்.

அப்படி ஒரு நாள், ஓ.பி. முடியும் நேரத்தில் கிராம சுகாதார செவிலியர் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். உரிய தேதி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. பக்கத்தில் இருந்த பயிற்சி மருத்துவர் சட்டென்று போனில் தேடிப் பார்த்துவிட்டு, "15 வாரம் தாண்டிட்டா கர்ப்பம் இல்லைன்னு உறுதிப்படுத்தணும், ஏழு நாளைக்கு ஆணுறையும் சொல்லணும்னு போட்டிருக்கு மேடம்" என்றார். சிஸ்டர் விடவில்லை. "நாலு வாரம் வரைக்கும் தாராளமா போடலாம்னு டிரெய்னிங்ல சொன்னாங்களே மேடம், மேனுவல்லயும் அப்படித்தானே இருக்கு?" நடுவில் அந்தப் பெண், "ஊசி உண்டா இல்லையாம்மா, பஸ்ஸு போயிரும்" என்றார்.

இருவர் சொன்னதும் சரி. பயிற்சி மருத்துவர் படித்தது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வெளியிடும் நடைமுறைப் பரிந்துரை. அதில் இரண்டு வாரத் தாமதம் வரைதான், அதாவது கடைசி ஊசியிலிருந்து 15 வாரம். சிஸ்டர் சொன்னது மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வெளியிட்ட ஊசிக் கருத்தடைக் கையேடு. இரண்டு வாரம் முன்னதாகவும் போடலாம், நான்கு வாரம் பிந்தியும் போடலாம் என்கிறது அது. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுவே. அந்த நிறுவனம் முன்பு இரண்டு வாரம் என்றுதான் வைத்திருந்தது. தாமதமாக வந்த பெண்களில் கர்ப்பம் எவ்வளவு நேர்ந்தது என்று பார்த்த ஆய்வுகளை வைத்து 2008-இல் நான்காக நீட்டியது. பிரிட்டன்காரர்களைக் கேட்டால் மூன்றாவது பதில் வரும்: 13 வாரத்துக்கு ஒருமுறை போடு, ஏழு நாள் தாமதம் வரை பொறுக்கலாம். பிரிட்டனிலேயே மருந்துக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட விவரத்தாளைப் பார்த்தால் 12 வாரமும் 5 நாளும்தான் எல்லை.

மருந்து ஒன்றே. 150 மில்லிகிராம் மெட்ராக்சிபுரோஜெஸ்டெரோன் அசிடேட். அது உடம்பில் கரையும் வேகம் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. மாறுவது, எழுதியவர் யாரை மனதில் வைத்து எழுதினார் என்பது. திருப்பி அனுப்பினால் அந்தப் பெண்ணுக்கு அடுத்து என்ன வழி, அவள் மறுபடி வருவாளா, பரிசோதனை வசதி கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் பரிந்துரைக்குள் ஒளிந்திருக்கும் கணக்குகள். கம்பெனியின் விவரத்தாளோ, தான் அனுமதி வாங்கியபோது சமர்ப்பித்த ஆய்வுக்குள்தான் நிற்கும். அதைத் தாண்டி ஒரு நாள் கூட்டிச் சொல்ல அதற்கு அவசியமில்லை.

அன்றைக்கு ஊசி போட்டு அனுப்பினோம். அரசு மருந்து, அரசு நிலையம், அரசுக் கையேடு. அதற்குப் பின்னால் உலக சுகாதார நிறுவனமும் நிற்கிறது. இப்படி இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் மூன்றாவதைத் தேடி நான் நேரம் செலவழிப்பதில்லை. பயிற்சி மருத்துவரிடம் சொன்னது ஒன்றுதான்: நீங்கள் படித்ததில் தப்பில்லை, ஆனால் அடுத்த தடவை போனைக் காட்டும்போது யார் எழுதியது, எந்த வருடம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, உலக சுகாதார நிறுவனத்தின் நூல்களுக்கு வருவோம். இவற்றில் எது எதற்கு என்று தெரியாமல் தடுமாறுகிறவர்கள் நிறைய. மருத்துவத் தகுதி வரையறைகள் என்பது ஒரு நூல், எம்.இ.சி. என்றுதான் எல்லோரும் சொல்வோம். இன்ன நோய் அல்லது இன்ன நிலையில் இருக்கிற பெண்ணுக்கு இன்ன முறை பாதுகாப்பானதா என்பதற்கு மட்டுமே அது பதில் சொல்லும். மாத்திரையை மறந்துவிட்டால் என்ன செய்வது என்று அதில் தேடினால் கிடைக்காது. அதற்கு எஸ்.பி.ஆர். என்ற தனி நூல் இருக்கிறது. எப்போது ஆரம்பிப்பது, என்னென்ன பரிசோதனை தேவை, தேவையில்லை, தவறவிட்டால் என்ன, ரத்தப்போக்கு வந்தால் என்ன என்பதெல்லாம் அங்கே. இரண்டையும் பிசைந்து எளிய நடையில், பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்பது வரை தருவது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வெளியிடும் குடும்பக் கட்டுப்பாட்டு உலகக் கையேடு. ஒரு செவிலியர் ஒரே ஒரு நூல்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் கைகாட்டுவது இந்த மூன்றாவதைத்தான். எல்லாமே இலவசம், இறக்கிப் போனிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஊசி போட்ட பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது சகஜம். "வர வேண்டிய ரத்தம் வரலைன்னா உள்ளேயே தங்கிக் கெட்டுப் போகாதா டாக்டரம்மா?" என்று கேட்காதவர் எங்கள் ஊரில் குறைவு. எம்.இ.சி.யில் இதற்கு ஒரு வரியும் இருக்காது. அந்த உலகக் கையேட்டில் இதே கவலை, உள்ளே ரத்தம் சேர்வதில்லை என்ற பதிலோடு இருக்கிறது. கர்ப்பப்பையின் உள் படலம் வளர்ந்தால்தானே உதிர வேண்டும், வளரவே இல்லாதபோது உதிர எதுவும் இல்லை என்று சொன்னால் பெரும்பாலானவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. மாமியாருக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

எம்.இ.சி.யில் நான்கு வகை. 1 என்றால் தடையே இல்லை. 2 என்றால் சாதக பாதகத்தில் சாதகமே தூக்கல். 3 என்றால் பாதகம் தூக்கல், வேறு வழி இல்லாவிட்டால் மட்டும். 4 என்றால் கூடவே கூடாது. 2 என்பதைப் பார்த்ததும் "எதற்கு வம்பு" என்று மறுத்துவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 2 என்பது கொடுக்கலாம் என்பதே. மருத்துவர் இல்லாத துணை சுகாதார நிலையத்தில் நான்கை இரண்டாக மடக்கிக்கொள்ளலாம் என்று அந்த நூலே வழி சொல்கிறது: 1, 2 வந்தால் கொடு, 3, 4 வந்தால் கொடுக்காமல் மேலே அனுப்பு. இன்னொன்று, சில நிலைகளுக்கு ஆரம்பிப்பதற்கு ஒரு வகை எண்ணும் தொடர்வதற்கு வேறு எண்ணும் இருக்கும். 35 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்குக் கண்ணில் மின்னல் போன்ற முன்னறிகுறி இல்லாத ஒற்றைத் தலைவலி என்றால், மாலா-என் போன்ற கூட்டு மாத்திரையை (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன் சேர்ந்தது) ஆரம்பிக்க 2. மாத்திரை சாப்பிடும்போது அந்தத் தலைவலி புதிதாகத் தொடங்கினால் தொடர்வதற்கு 3. முன்னறிகுறியோடு வரும் தலைவலி என்றால் எந்த வயதிலும் 4. எனவே "மைக்ரேன்" என்று ஒரே வார்த்தையாகத் தேடுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. தகவல் தேடல் பாதிக்கு மேல் சொதப்புவது நூலில் அல்ல, கேள்வியில்.

நான் இங்கே சொல்லும் வகை எண்கள் 2015-இல் வந்த ஐந்தாம் பதிப்பையும் அதற்கு வந்த திருத்தத்தையும் ஒட்டியவை. உங்கள் கையில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருத்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். எச்.ஐ.வி. தொற்று அபாயம் அதிகமுள்ள பெண்ணுக்கு இந்த ஊசி 2015-இல் வகை 1. ஊசியால் தொற்று அபாயம் கூடுமோ என்ற சந்தேகத்தில் 2017-இல் அதை 2 ஆக்கினார்கள். ஆப்பிரிக்காவில் நான்கு நாடுகளில் 7,829 பெண்களைச் சேர்த்து நடத்திய எக்கோ என்ற ஆய்வின் முடிவு 2019 ஜூனில் வந்தது. ஊசி, காப்பர் ஐ.யு.டி. (கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போன்றது), இம்ப்ளாண்ட் (கைத்தோலுக்கு அடியில் வைக்கும் குச்சி) மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை என்றது. அந்த ஆகஸ்டிலேயே வகை மறுபடி 1. ஆக, 2018-இல் அச்சடித்த ஒரு பயிற்சித் தாளை யாராவது இன்னும் பத்திரமாக வைத்திருந்தால் அது போன வருஷத்துப் பஞ்சாங்கம். சுவரில் தொங்குகிற, வகை எண் பார்க்கும் சுழல் அட்டையின் மூலையில் வருடம் போட்டிருக்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது காசநோய். நம் ஊரில் இதை விட்டுவிட்டுக் கருத்தடை மருந்தைப் பற்றிப் பேச முடியாது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டு மாத்திரையில் உள்ள ஹார்மோனைச் சீக்கிரமே கழித்துவிடும். மாலா-என் சாப்பிட்டும் கர்ப்பம் தரிக்கலாம். கூட்டு மாத்திரைக்கு வகை 3, புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரைக்கும் 3, இம்ப்ளாண்டுக்கு 2, அந்தரா ஊசிக்கும் காப்பர் டி-க்கும் 1. சிகிச்சை முடிந்த பிறகும் நொதித் தூண்டல் நான்கு வாரம் வரை நீடிக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் பாடத்தில் வந்ததுதான். ஆனால் காசநோய்ப் பதிவேடும் குடும்ப நலப் பதிவேடும் வெவ்வேறு மேஜையில் இருக்கின்றன, எழுதுகிறவர்களும் வெவ்வேறு. எங்கள் நிலையத்தில் இதைக் கண்டுபிடித்தவர் ஃபார்மசிஸ்ட். ஒரே பெண் ஒரு ஜன்னலில் டி.பி. மாத்திரையும் மாலா-என் அட்டையும் சேர்த்து வாங்க வந்ததைப் பார்த்துவிட்டு, கொடுக்காமல் சீட்டோடு என் அறைக்கு வந்தார். "மேடம், இது ரெண்டும் சேரக்கூடாதே?" அந்தப் பெண் அன்றே ஊசிக்கு மாறினார். இப்போது அவர் மருந்து கொடுக்கும் கவுண்டரில் ரிஃபாம்பிசின், வலிப்பு மருந்துகளான ஃபெனிட்டாயின், கார்பமசெபைன், ஃபீனோபார்பிட்டோன் என்று நான்கு பெயரை எழுதி ஒட்டி வைத்திருக்கிறார். இந்த நான்கில் ஒன்று சீட்டில் இருந்து, வாங்குகிறவர் பிள்ளை பெறும் வயதுப் பெண் என்றால், கருத்தடைக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்பார்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கருத்தடை மாத்திரை வேலை செய்யாது என்று ஒரு நம்பிக்கை மருந்துக் கடைகளில் அழுத்தமாக வேரூன்றியிருக்கிறது. பல் வலிக்கு அமாக்சிசிலின் வாங்கப் போன பெண்ணிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லி அனுப்பிய கடையை எனக்குத் தெரியும். அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின் போன்ற வழக்கமான ஆன்டிபயாடிக்குகள் எம்.இ.சி.யில் வகை 1. ரிஃபாம்பிசின், ரிஃபாபியூட்டின் போன்றவைதான் விதிவிலக்கு. மாத்திரையை நிறுத்தச் சொன்னதுதான் அங்கே அபாயம்.

வலிப்பு மருந்துகளில் லாமோட்ரிஜினைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே பாதிக்கப்படுவது கருத்தடை அல்ல. கூட்டு மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் லாமோட்ரிஜினின் அளவைக் குறைத்து வலிப்பைத் திரும்ப வரவழைக்கலாம். மருந்துகளுக்கு இடையேயான வினையைத் தேடும்போது எது எதைக் கெடுக்கிறது என்று இரு திசையிலும் பார்க்கச் சொல்வது இதனால்தான். எச்.ஐ.வி. மருந்துகள் என்றால் லிவர்பூல் பல்கலைக்கழகம் நடத்தும் தகவல் தளம் இலவசம், துல்லியமானது. தாய்ப்பால் என்றால் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் லேக்ட்மெட். அதில் ஒவ்வொரு மருந்துக்கும் பாலில் எவ்வளவு போகிறது, குழந்தைக்கு என்ன ஆனது என்று ஆய்வோடு தருவார்கள்.

தாய்ப்பால் விஷயத்திலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு இருக்கிறது. பிரசவம் ஆகி ஆறு வாரத்துக்குள் அந்தரா போடுவது உலக சுகாதார நிறுவனத்துக்கு வகை 3. அமெரிக்க, பிரிட்டிஷ் வரையறைகளில் 2-க்கு மேல் போவதில்லை. நம் கையேடு ஆறு வாரத்துக்குப் பிறகு என்கிறது. நாங்கள் அதன்படியே போகிறோம்.

இனி சாயா. வெளிநாட்டு நூல்கள் கைவிட்டுவிடும் இடம் இது. இதன் மருந்துப் பெயர் சென்ட்குரோமான், லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத கருத்தடை மாத்திரை. 1991-இல் சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்தது. அரசுத் திட்டத்தில் சாயா என்ற பெயரில் அந்தராவோடு சேர்ந்து 2017-இல் அறிமுகமானது. எம்.இ.சி. அட்டவணையில் இதற்கு ஒரு நிரலே கிடையாது. அங்கே தேடிவிட்டு "ஆதாரம் இல்லாத மருந்து" என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நூலில் இல்லை என்பதற்கு, பெரும்பாலும் இந்தியாவில் மட்டுமே புழங்கும் மருந்து என்பதுதான் பொருள். இதற்கு நாம் திறக்க வேண்டியது அமைச்சகத்தின் 2016 மாத்திரைக் கையேட்டையும், காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் வெளியிடும் தேசிய மருந்துத் தொகுப்பையும். ஆய்வுக் கட்டுரை தேடுகிறவர்கள் சென்ட்குரோமான் என்று ஒருமுறை, ஓர்மெலாக்சிஃபீன் என்று ஒருமுறை தேட வேண்டும். ஒரே மருந்துதான், சர்வதேசப் பெயர் இரண்டாவது. ஒன்றை மட்டும் தேடினால் பாதி கட்டுரைகள் கண்ணில் படாது.

இதில் குழப்பம் வருவது அட்டவணையில். மாதவிடாய் தொடங்கிய முதல் நாள் முதல் மாத்திரை. மூன்று நாள் கழித்து இரண்டாவது. அந்த இரு கிழமைகளையே மூன்று மாதம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு தொடங்கினால் ஞாயிறும் புதனும். மூன்று மாதம் முடிந்ததும் வாரம் ஒன்றே, முதல் மாத்திரையின் கிழமையில். ஞாயிறு தொடங்கியவருக்கு இனி ஞாயிறு மட்டும். மாதவிடாய் நடுவில் எந்தக் கிழமை வந்தாலும் இது மாறக்கூடாது. தவறவிட்டது ஏழு நாளுக்குள் என்றால் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு, அடுத்த மாதவிடாய் வரும்வரை ஆணுறையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏழு நாளைத் தாண்டினால் புதிதாக ஆரம்பிப்பவர் போல மறுபடி வாரம் இரண்டு. எங்கள் சிஸ்டர் மாத்திரை அட்டையின் பின்புறம் கிழமையைப் பேனாவால் எழுதிக் கொடுக்கிறார். சினைப்பை நீர்க்கட்டி, சமீபத்தில் வந்த மஞ்சள் காமாலை, கல்லீரல் நோய், காசநோய், சிறுநீரக நோய் இருப்பவர்களுக்கு வேண்டாம் என்கிறது கையேடு. மாலா-என் கூடாத அந்த டி.பி. நோயாளிக்கு "ஹார்மோன் இல்லாததுதானே" என்று சாயாவைக் கொடுத்துவிட முடியாது என்பது இதில் அடங்கும்.

மாலா-என் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 21 ஹார்மோன் மாத்திரை, 7 பழுப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை. வெளிநாட்டுத் தாள்களில் சில 24-க்கு 4 என்ற அட்டையை வைத்து எழுதப்பட்டவை. மறந்த மாத்திரைக்கான அறிவுரையை அங்கிருந்து அப்படியே எடுத்தால் எந்த வாரம் என்ற கணக்கு இடிக்கும். பழுப்பு மாத்திரையை மறந்ததற்கு யாரும் பதற வேண்டியதில்லை. ஆனால் "அந்தக் கறுப்பு மாத்திரை பிடிக்கல, தூக்கிப் போட்டுட்டேன்" என்கிறவர் அடுத்த அட்டையை எந்த நாளில் ஆரம்பிக்கிறார் என்று கேட்டே ஆக வேண்டும். ஏழு நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் அங்கேதான் ஓட்டை.

இப்போது வாட்ஸ்அப். "அந்தரா ஊசி போட்டால் மூளையில் கட்டி" என்று ஒரு செய்தி 2024-இல் சுற்றியது. ஊசி போட வர வேண்டிய சில பெண்கள் வரவில்லை. சிஸ்டர் வீட்டுக்குப் போனபோது போனை நீட்டிக் காட்டியிருக்கிறார்கள். "வதந்தி, நம்பாதீங்க" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அதற்கு அடியில் ஒரு உண்மையான ஆய்வு இருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்த பிரெஞ்சு ஆய்வு அது. கட்டணம் இல்லாமல் முழுவதும் படிக்கலாம். நாளிதழில் வந்த சுருக்கத்தோடு நிற்காமல் அட்டவணையைப் போய்ப் பார்த்தேன். மெனிஞ்சியோமா என்ற மூளையுறைக் கட்டிக்கு அறுவை செய்துகொண்ட 18,061 பெண்களில் இந்த ஊசி போட்டிருந்தவர்கள் 9 பேர். ஒப்பிட எடுத்துக்கொண்ட 90,305 பெண்களில் 11 பேர். மற்றக் காரணிகளையும் கணக்கில் எடுத்து ஆய்வாளர்கள் தரும் எண் சுமார் ஐந்தரை மடங்கு. ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து போட்டவர்களிடம்தான் இந்தக் கூடுதல் தெரிந்தது. மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, ஆனால் இடத்தைப் பொறுத்து அறுவை தேவைப்படலாம்.

ஐந்தரை மடங்கு என்பதும் உண்மை, 9 பேர் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவரை அது தகவல் ஆகாது. அரிதான ஒன்று ஐந்து மடங்கானாலும் அரிதுதான். அதே நேரம் பிரான்சில் இந்த ஊசியைப் போடுகிறவர்கள் மிகக் குறைவு. நம் நாட்டில் அரசே போடுகிறது. ஆகவே அசட்டையாகவும் விட முடியாது. அதே ஆண்டில் ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு, மெனிஞ்சியோமா இருக்கிறவர்களுக்கும் முன்பு இருந்தவர்களுக்கும் புற்றுநோய் சிகிச்சை தவிர வேறு எதற்கும் இதைக் கொடுக்க வேண்டாம் என்றது. நாங்கள் செய்தது: முதல் ஊசிக்கு முன் கேட்கும் கேள்விகளில் மூளைக் கட்டி இருந்ததா என்பதைச் சேர்த்தோம். நெடுநாள் போடுகிறவர்களிடம், விடாத தலைவலி, பார்வை மங்கல், புதிதாக வலிப்பு என்று ஏதாவது வந்தால் ஊசித் தேதிக்குக் காத்திராமல் வரச் சொன்னோம். வராமல் நின்றவர்களிடம் சிஸ்டர் இதை இப்படியே சொன்னார். சிலர் திரும்ப வந்தார்கள். சிலர் காப்பர் டி-க்கு மாறினார்கள். இரண்டுமே எனக்குச் சம்மதம்.

எலும்பு விஷயம் இன்னொரு மாதிரி. இந்த ஊசியால் எலும்பின் அடர்த்தி குறையும், வேறு வழி போதாத நிலை இருந்தாலொழிய இரண்டு வருடத்துக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் கட்டம் கட்டிய எச்சரிக்கையை மருந்துத் தாளில் போட வைத்தது. அதைக் காட்டி ஒரு தனியார் மருத்துவர் எங்கள் பெண் ஒருவரை நிறுத்தச் சொல்லிவிட்டார். அவர் மாற்று வழி ஏதும் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். உலக சுகாதார நிறுவனத்தில் 18 முதல் 45 வயது வரை இது வகை 1. அதற்குக் கீழேயும் மேலேயும் வகை 2. நிறுத்திய பிறகு அடர்த்தி பெரும்பாலும் திரும்பிவிடுகிறது என்பதும் கணக்கில் சேர்ந்தது. மருந்துத் தாள் வழக்குக்கும் அஞ்சி எழுதப்படுவது, வழிகாட்டி நூல் கர்ப்பத்தின் அபாயத்தையும் தராசில் வைத்து எழுதப்படுவது. மருந்தின் கலவை, சேமிக்கும் வெப்பநிலை, குப்பியைக் குலுக்க வேண்டுமா என்பதற்கெல்லாம் மருந்துத் தாளைவிட நல்ல ஆதாரம் கிடையாது. யாருக்குக் கொடுக்கலாம் என்பதற்கு அது முதல் ஆதாரம் அல்ல.

மெடிக்கல் ரெப் கொண்டுவரும் வழவழ அட்டையை நான் வாங்கி வைத்துக்கொள்வேன், பெயரும் விலையும் தெரிந்துகொள்ள. ஒப்பீட்டுப் படங்களை நம்புவதில்லை. கேட்டதும் பதில் சொல்லும் போன் செயலிகளும் இப்போது வந்துவிட்டன. அவற்றில் நான் கண்ட குறை, எந்த நாட்டு விதி என்று சொல்லாமல் சரளமாகப் பதில் தருவது. 15 வாரமா நான்கு வார தாமதமா என்பதில் பயிற்சி மருத்துவருக்கு நேர்ந்தது அங்கும் நேரும். அவசரக் கருத்தடையும் அப்படி. 120 மணி நேரம் வரை உலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராம் என்று அழகாகப் பதில் வரும். எங்கள் ஸ்டோரில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் ஈசி பில். தமிழ்நாட்டின் பல மருந்துக் கடைகளில், சீட்டு தேவையில்லை என்று சட்டம் 2005-லேயே சொல்லியும், அதுகூட எளிதில் கிடைப்பதில்லை. ரிஃபாம்பிசின் சாப்பிடும் பெண்ணுக்கு அவசரக் கருத்தடை என்றால் முதல் தேர்வு காப்பர் டி, அது முடியாதபோது லெவோநார்ஜெஸ்ட்ரெல் இரட்டிப்பாக 3 மில்லிகிராம் என்கின்றன பிரிட்டிஷ் பரிந்துரைகள். நம் கையேட்டில் பதில் கிடைக்காத இத்தகைய இடங்களில்தான் நான் வெளியே போகிறேன். போனால் எங்கிருந்து எடுத்தேன், எந்த வருடத்தது என்று கேஸ் ஷீட்டிலேயே எழுதிவிடுகிறேன். அடுத்த ஷிப்டில் வருகிறவர் என்னைத் தேட வேண்டியதில்லை.

கடைசியாக, தகவல் நம்மிடமிருந்தும் போக வேண்டும். ஊசிக்குப் பிறகு கடும் ஒவ்வாமை, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் கர்ப்பம், காலில் ரத்த உறைவு என்று எது வந்தாலும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. மருத்துவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. செவிலியர், ஃபார்மசிஸ்ட், நோயாளியே கூடச் சொல்லலாம். மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகம் போதும். பெயரின் முதலெழுத்து, வயது, என்ன ஆனது, எப்போது ஆரம்பித்தது, எந்த மருந்து, தெரிவிப்பவர் யார் என்பவை கட்டாயம். பேட்ச் எண்ணுக்கும் ஒரு கட்டம் உண்டு. குப்பியைத் தூக்கிப் போட்ட பிறகு அந்த எண்ணைத் தேட முடியாது. அதனால் அந்தரா கார்டில் தேதிக்குப் பக்கத்திலேயே பேட்ச் எண்ணையும் எழுதிவிடச் சொல்லி சிஸ்டர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கார்டில் அதற்கென்று கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறார்கள்.